பீட்டர் பார்க்காத தங்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் டவுன் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு பதினஞ்சு வருஷம் தங்கம் எடுத்துக்கினு இருந்தாரு. ஆனா தங்கத்த ஒரு வாட்டி கூட கண்ணால பாத்ததில்லக்கா." மற்றவள் சிரித்தாள். சொன்னவள் சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது. அவளுக்குப் பிரிஸ்கில்லா என்றும் கணவனுக்குப் பீட்டர் என்றும் பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

'ஏரிக்கரை மேல் மாலைச் சூரியன் தங்கமாய் உருகி வழிந்துகொண்டிருந்த'

வேண்டாம். வாரம் ஒரு அத்தியாயம் எழுதிப் பழகிய கை, தங்கம் என்றதும் சூரியனைத் தேடி ஓடுகிறது. பீட்டர் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோலார் பக்கம் ஒரு சுரங்க ஆலை. பூமிக்கு அடியிலிருந்து வரும் கல்லை இயந்திரம் மாவாக இடிக்கும். மாவில் தண்ணீர் கலந்து, சாய்வான பலகை மேல் ஓடவிடுவார்கள். பலகையில் முரட்டுக் கம்பளி விரித்திருக்கும். லேசான கல்தூள் தண்ணீரோடு ஓடிவிடும். கனமானது கம்பளியின் மயிரில் தங்கும். மணிக்கு ஒரு தரம் கம்பளியை எடுத்துத் தொட்டியில் அலச வேண்டும். அதுதான் பீட்டரின் வேலை. அலசிய தொட்டியைப் பூட்டி, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள். அங்கே பீட்டருக்கு அனுமதி இல்லை.*

சுரங்கம் மூடி, ஊர் திரும்பி, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மானாம்பதி அவரைத் 'தங்கக்காரர்' என்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு மனிதருக்கு ஊர் கொடுத்த மரியாதை அது ஒன்றுதான். பிரிஸ்கில்லாவுக்கு அது தெரியும். இந்தக் கதையில் அவள் பயப்படுவதெல்லாம் அது போய்விடக் கூடாதே என்றுதான்.

(* ஒரு டன் கல்லில் சில கிராம்தான் தங்கம் என்கிறார்கள். அதுவும் பொடியிலும் பொடியாக. சேற்றில் அதை அடையாளம் காண முடியாததில் ஆச்சரியம் இல்லை.)

3

நந்தகுமாரை முதலில் பேராசைக்காரராக எழுதினேன். [பட்டு ஜிப்பா, விரலில் மோதிரம்.] அடித்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரக் குடும்பம். இங்கே இரண்டு ஏக்கர் வாங்கி ஏரித் தண்ணீரில் பயிர் வைத்தவர், இப்போது கிணறு வெட்டுகிறார். நாற்பது அடியில் தண்ணீர் இல்லை, மஞ்சளாய் மின்னும் கல் வந்தது. யாராக இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அவர் நிலத்தில் பிரிஸ்கில்லா ஆறு வருஷமாக நாற்று நடுகிறாள். ஆள் வேண்டுமானால் அவர் தெரு முனையில் பைக்கை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். தெருவுக்குள் வந்ததில்லை, அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அன்று வந்தார், கையில் சாக்குப் பையோடு.

"பீட்டரண்ணே, வூட்ல கீறீங்களா?"

பீட்டருக்கு அவரைவிட இருபது வயது அதிகம். இதுவரை பீட்டர் காதில் விழுந்ததெல்லாம் "பீட்டரு, இங்க வா"தான். பிரிஸ்கில்லா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"கெணத்துல வந்த கல்லு. யார்கிட்டயும் காட்டல. உங்கள வுட்டா இந்த ஜில்லாவுல யாருக்கு இது தெரியும்? நாலு நாள்ல வரேன். தங்கம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கெணத்து வேலய நிறுத்திடறேன்."

பீட்டர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்.

"பாத்துடலாம்" என்றார்.

4

இரும்பு உரலில் பிரிஸ்கில்லா இடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மார்த்தாள் குரல் கொடுத்தாள்: "இன்னாடி, மசாலாவா? காலையிலேர்ந்து இடிக்கிற, வாசனயே காணோம்!"

"வெந்தா வரும், போடி."

பீட்டர் பழைய கம்பளியைப் பலகையில் விரித்து, பொடியைக் கரைத்து மெதுவாக ஊற்றினார். அந்தக் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. தண்ணீர் ஓடியது, கம்பளியில் கருப்பாய் ஒரு கோடு நின்றது.

"பாத்தியா, தங்கிடுச்சு! கனமானதுதான் தங்கும். லேசெல்லாம் பூடும்."

உலக்கை பட்டதும் மஞ்சள் நொறுங்கிக் கருப்புத் தூளானதைப் பிரிஸ்கில்லா பார்த்திருந்தாள். போன வருஷம் வரப்பில் விழுந்த அவள் மூக்குத்தி மேல் டிராக்டர் ஏறியது. தேடி எடுத்தபோது இலைபோல நசுங்கியிருந்தது, நொறுங்கவில்லை. இது தங்கமானால் உரலில் ஏன் தூளாகிறது?*

"இன்னாயா, அங்க இடிக்கசொல்ல தங்கமும் இப்டி தூளாப் பூடுமா?"

"அத்த நா எங்க பாத்தேன்? எங்கிட்ட வர்றது சேத்துத் தண்ணி. கம்பளிய அலசுவேன். தொட்டிய பூட்டி எடுத்துக்கினு பூடுவாங்க."

"அப்ப தங்கத்த நீ பாத்ததே இல்லியா?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்காத கேள்வி.

"கடைல பாத்துக்கீறேன்" என்றார் பீட்டர். கம்பளியைப் பிழிந்து வேலியில் போட்டார்.

(* வாசகர் கேட்கலாம்: அப்படியானால் கம்பளியில் ஏன் தங்கியது? அந்த மஞ்சள் கல்லும் வெறும் கல்லைவிடக் கனம். கம்பளிக்குத் தெரிந்தது கனம் மட்டும்தான்.)

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'நந்தகுமார் வந்ததும் பிரிஸ்கில்லா முன்னால் வந்து, "இது தங்கம் இல்லீங்க, நான் இடிச்சுப் பாத்தேன்" என்று'

இல்லை. நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் மறுநாள் நடவு வயலில் அத்தனை பேரும் சிரிப்பது அவளைப் பார்த்தல்ல, பீட்டரைப் பார்த்து. அவள் இதைச் செய்ய மாட்டாள்.

இரண்டாவது: 'அவள் வாய் திறக்கவில்லை. பீட்டர் தங்கம் என்றுவிடுகிறார். பாறையில் ஓடும் மஞ்சள் கோட்டைத் தொடர்ந்து கிணற்றின் அடியில் பக்கவாட்டில் தோண்டுகிறார்கள். ஒரு வாரத்தில் மண் சரிந்து'

இதுவும் இல்லை. கதை நகராதபோது ஒரு சாவைக் கொண்டுவருவது எனக்குக் கைவந்த வேலை. அந்த ஆட்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களைக் கொல்ல நான் யார்?

பிரிஸ்கில்லா செய்தது வேறு. மூன்றாம் நாள் காலை, நசுங்கிய மூக்குத்தியைப் பீட்டர் முன்னால் அம்மிக்கல்லில் வைத்தாள். பக்கத்தில், கல்லிலிருந்து பெயர்த்த மஞ்சள் துணுக்கு ஒன்று. சுத்தியலை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போனாள்.

முதல் அடி கேட்டது. நெடுநேரம் கழித்து இரண்டாவது அடி.

அவள் திரும்பி வந்தபோது துணுக்கு இருந்த இடத்தில் கருப்புத் தூள். மூக்குத்தி முன்னைவிட அகன்று, அப்படியே கிடந்தது. அதன் ஓரத்தை நகத்தால் தொட்டுக்கொண்டிருந்தார் பீட்டர்.

"இவ்ளோ மெதுவா கீதா இது" என்றார்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் முகத்தை அவளே பார்க்கவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

6

நாலாம் நாள் நந்தகுமார் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்வீடுகளின் கதவுகளில் தலைகள். என்ன செய்வதென்று தெரியாமல் பிரிஸ்கில்லா டீ போட்டாள். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்று, கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய்.

"நல்லா கீது."

பீட்டர் வெளியே வந்தார்.

"இன்னாண்ணே, தங்கந்தானே?"

"இல்லீங்க. இடிச்சா நொறுங்குது. தங்கம் நொறுங்காது. நீங்க தண்ணிக்கே தோண்டுங்க."

அத்தோடு பீட்டர் உள்ளே போயிருக்கலாம். நான்கூட அவரை உள்ளே அனுப்பத்தான் பார்த்தேன். போகவில்லை.

"இன்னொண்ணு. நா அங்க கம்பளி அலசுனவன். தங்கத்த நா பாத்ததில்ல. ஊருல சொல்றாங்க, நானும் சும்மா இருந்துட்டேன்."

எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். பிரிஸ்கில்லா வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்தது நடந்துவிட்டது, நடத்தியவர் அவரே. இனி அவள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அவள் பார்வை நந்தகுமாரின் கையில் இருந்த கண்ணாடி கிளாஸுக்குப் போனது. அதில் பாதி டீ இருந்தது.

அவர் அதைக் குடித்து முடித்ததாக எழுதினேன். அவரை நானே மன்னித்துவிட்டதுபோல் இருந்தது. கீழே வைத்துவிட்டு எழுந்ததாக எழுதினேன். அவரை நம்ப எனக்கு மனமில்லை என்று ஆனது. இரண்டு தாளையும் கிழித்தேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களையும், அந்த வாசலில் நின்றவர்களையும் உங்களுக்குத் தெரியும். நீங்களே ஒரு பக்கம் இருந்துமிருப்பீர்கள். அவர் என்ன செய்தார் என்று நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.