அரைமில்லியின் கடைவாய்ப் பல்

பல் லேபில் எல்லோரும் அவளை அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, உடைந்த பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பைப் பீங்கானில் செய்வது அவள் வேலை. விளிம்பு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் தொடாமலே கண்டுபிடித்துவிடுவாள். பதினாறு வருஷத்தில் அவள் செய்த கேப் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஊரில் பாதிப் பேர் இவள் புண்ணியத்தில்தான் மெல்லுகிறார்கள் என்று முதலாளி பெருமை அடித்துக்கொள்வார்.

அவளுடைய சொந்தக் கடைவாய்ப் பல் உடைந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

மூன்று தடவை பல் டாக்டரிடம் போனாள். முதல் தடவை முகத்துக்கு நேரே விளக்கு எரிந்ததும் எழுந்து ஓடி வந்தாள். அடுத்த தடவை கையுறை உதட்டில் பட்டதும் அலறிவிட்டாள். மூன்றாம் தடவை வாசலோடு சரி. அன்றிலிருந்து வலப்பக்கமே மென்றாள்.

தனக்கு ஆட்டிசம் இருப்பது அவளுக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. சோதித்த டாக்டர் ஒரு சான்றிதழைக் கொடுத்து, "இனிமே உங்களைப் பத்தி உங்களுக்கே தெளிவா தெரியும்" என்றார். சரி, அடுத்து என்ன செய்வது என்று கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சான்றிதழ் அலமாரிக்குப் போனது.

மாடி வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டதை அண்ணி பார்த்துவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை பல்லைக் கடிச்சிக்கிட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடேன்."

"கடிக்கத்தான் பல் இல்லையே, அண்ணி."

அண்ணி சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னை மாதிரி பெரியவங்களுக்கு உதவறவங்க எங்கயாவது இருப்பாங்க. தேடிப் பார்ப்போம்" என்றாள். அரைமில்லிக்குப் போனில் பேச வராது. அதனால் அண்ணி பேசினாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"குழந்தைக்கு என்ன வயசு?" என்றது முதல் இடம்.

"முப்பத்தெட்டு."

"மாசம்தானே?"

அண்ணி போனை வைத்துவிட்டாள். அடுத்த ஐந்து இடத்திலும் குழந்தைகளை மட்டும்தான் பார்ப்பார்களாம். ஏழாவது இடத்தில் வரச் சொன்னார்கள். குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, "கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுங்க, பாதி பிரச்சினை தானா சரியாயிடும்" என்றார் அங்கிருந்த ஆலோசகர்.

"பல்லுமா?" என்று கேட்டாள் அரைமில்லி. கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எட்டாவதாகக் கிடைத்தவர், பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும் குழாய் திறக்கவும் மறுபடி பழக்குகிற சிகிச்சைக்காரர், ஒரு பெண். "ஆட்டிசம் உள்ள பெரியவங்க இதுவரைக்கும் ரெண்டே பேர்தான் எங்கிட்ட வந்திருக்காங்க. மூணாவதா வாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன், சேர்ந்து கண்டுபிடிக்கலாம்" என்றார்.

அண்ணி போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்னடி இது, தெரியாதுங்கறாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"இவங்கதான் வேணும்" என்றாள் அரைமில்லி.

அவர் அறையில் பூட்டும் தாழ்ப்பாளும் குழாயும் பதித்த பலகைகள் சுவரெல்லாம் நின்றன. அரைமில்லி எல்லாத் தாழ்ப்பாளையும் ஒருமுறை போட்டுத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அதுவரை அவர் காத்திருந்தார்.

"லேப்ல நாள் பூரா அரைக்கிற மெஷினோடதானே இருக்கீங்க? அந்தச் சத்தம் தொந்தரவு இல்லையா?"

"அது என் கையில இருக்கு. எப்ப வரும், எப்ப நிக்கும்னு தெரியும். டாக்டர்கிட்ட அது அவங்க கையில இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாரும் கேக்கலையே."

இருவரும் உட்கார்ந்து நிபந்தனைகள் எழுதினார்கள். விளக்குக்குக் கறுப்புக் கண்ணாடி. நெஞ்சின்மேல் எக்ஸ்ரேக்குப் போடும் கனமான அங்கி, ஏனென்றால் பாரம் இருந்தால் அவள் உடம்பு அமைதியாகும். அவள் விரலைத் தூக்கினால்தான் மெஷின் ஓடவேண்டும், ஐந்து எண்ணியதும் நிற்கவேண்டும். கையைத் தூக்கினால் எல்லாமே நிற்கவேண்டும். டாக்டர் செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

லேபுக்குப் பத்து வருஷமாக அச்சு அனுப்பும் டாக்டர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனார்கள். படித்துப் பார்த்தவர், "மத்ததெல்லாம் சரி. கடைசிதான் கஷ்டம். நான் வாயை மூடினதா சரித்திரமே இல்லை" என்றார். பிறகு அரைமில்லி பக்கம் திரும்பி, "அந்தக் கேப் எல்லாம் உங்க கைதானா? உங்களுக்காக ஊமையாவே இருக்கேன்" என்றார்.

முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள், அவ்வளவுதான். இரண்டாம் வாரம் கண்ணாடியும் அங்கியும் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் படுத்தாள். மூன்றாம் வாரம் ஊசி. ஊசிக்கு அவள் பயப்படவே இல்லை. வலி ஒரே இடத்தில் நின்றது, அவளுக்கு அது போதும். விரலைத் தூக்கித் தூக்கி, ஐந்து ஐந்தாக எண்ணி, பல்லைச் செதுக்கி முடித்தார்கள்.

அச்சு எடுக்கும்போதுதான் வம்பு வந்தது. பசை நிரம்பிய தட்டு வாயை அடைத்ததும் கையைத் தூக்கினாள். டாக்டர் உடனே வெளியே எடுத்துவிட்டார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"தோத்துட்டேன்."

"கையைத் தூக்கினீங்க, நிறுத்திட்டார். பேசினபடிதானே நடந்துச்சு? இதுல தோல்வி எங்க இருக்கு?" என்றார் பக்கத்தில் நின்ற சிகிச்சைக்காரர்.

அரைமில்லி மூக்கை உறிஞ்சினாள். தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பல்லுக்கு எதுக்கு முழுத் தட்டு? அந்தப் பக்கம் மட்டும் எடுத்தா போதும். செய்யப்போறது நான்தானே!"

டாக்டர் பேசக்கூடாது என்பதை மறந்து, "அட ஆமாம்!" என்று கத்தினார். பாதித் தட்டு மேஜை டிராயரிலேயே இருந்தது. இரண்டு நிமிஷத்தில் அச்சு கிடைத்தது.

அந்த வாரம் லேபில் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். "வாடிக்கையாளர் ரொம்ப கறார், ஜாக்கிரதை" என்றார் முதலாளி. பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு நாலு தடவை பீங்கான் பூசிச் சுட்டாள். மூன்றாவதே சரியாகத்தான் இருந்தது என்று மற்றவர்கள் சத்தியம் செய்தார்கள்.

கேப் பொருத்திய அன்று டாக்டர், எங்கே உயரமாக இடிக்கிறது என்று காட்டும் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். வாயைத் திறந்து பார்த்தார், மறுபடி கடிக்கச் சொன்னார். அப்புறம் கருவியைத் தட்டில் போட்டுவிட்டார். "அரைச்சுச் சரிபண்ண ஒண்ணுமே இல்லை!"

அரைமில்லி நாற்காலியில் படுத்தபடியே வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். வெளியே காத்திருந்த அண்ணி அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். "என்ன ஆச்சு, எங்க காட்டு, எது புதுசு?" என்று வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாமல் டாக்டரைக் கேட்டாள்.

"சொல்லமாட்டோம்" என்றார் டாக்டர்.

சிகிச்சைக்காரர் பையை மாட்டிக்கொண்டார். "அப்ப நம்ம வேலை முடிஞ்சுது, இல்லையா?"

"இல்லையே" என்றாள் அரைமில்லி. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். "முடி வெட்டற கடை, நீச்சல் குளம், லேப்ல எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடறது... மொத்தம் பதினொண்ணு இருக்கு."

அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தாளை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.