பஷீர் பாய் மாற்றிய பிக்சர் டியூப்

பழைய டிவிகளைப் புதுப்பித்து பெங்களூர் ஓட்டல்களுக்கு விற்றுவந்த ஓசூர் பஷீர் அஹமதுவின் வீட்டு டிவியில், இறந்துபோன அவர் மனைவி ஃபரீதா தினமும் மாலை ஏழு மணிக்கு வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். ஆன்டெனாவும் இல்லை, கேபிளும் இல்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு டிவிக்குள் தலையை விட்டபடி முதுகாலேயே பதில் சொன்னவர் பஷீர். ஆகவே குறை சொல்ல அவருக்கு வாயில்லை. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்று நான்கு வருடம் காத்திருந்தார். அதற்குள் பிக்சர் டியூப் மங்க ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில் சூளகிரி ராஜலட்சுமி தன் டிவியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். அதில் அவள் புருஷன் கங்கப்பன், செத்து மூன்று வருடமாகியும், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்பீக்கர மட்டும் புடுங்கி உட்ருங்க பாய். உசுரோட இருந்தப்ப கேட்டதே போதும்."

கங்கப்பன் பளிச்சென்று தெரிந்தான். பஷீர் வீட்டு டிவியின் அதே இருபத்தோரு இன்ச், டியூபுக்கும் அதே கழுத்து அளவு. படம் போர்டிலிருந்து வருகிறது, டியூப் வெறும் கண்ணாடி என்பது மெக்கானிக்குகளின் வேதம். பஷீர் அதை நம்பி அவள் டியூபைத் தன் டிவிக்கு மாற்றினார், மங்கலானதை அவள் பெட்டியில் வைத்தார், ஸ்பீக்கரைப் பிடுங்கி அனுப்பிவிட்டார். தனிக்கட்டைப் பெண்பிள்ளை, கேட்க ஆளில்லை என்று நினைத்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவருடையது அன்று மாலை ஏழு மணி வரை தாங்கியது.

"யார்ரா நீ, திருட்டு நாயே?" என்றான் கங்கப்பன்.

மறுநாள் மாலை பஷீர் சூளகிரியில் இருந்தார். ராஜலட்சுமி வீட்டில் மங்கிய டியூப் புதுசு போல எரிந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஃபரீதாவும் வெளியே ராஜலட்சுமியும் எதிரெதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். பஷீர் திருட்டை ஒப்புக்கொண்டு, டியூபைத் திருப்பிக் கேட்டு அழுதார்.

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அந்தம்மாவ கேளுங்க. வர்றேன்னா தூக்கிட்டுப் போங்க."

அவர் கூப்பிட்டார். ஃபரீதா நிமிர்ந்து அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த தோலை உதறிவிட்டு, உள்ளேயிருந்து கையை நீட்டி டிவியை அணைத்தாள்.

மனம் மாறி வந்துவிடுவாளோ என்று பஷீர் இன்றும் ஏழு மணிக்குத் தன் டிவியைப் போடுகிறார். கங்கப்பன்தான் வருகிறான். எதிரே உட்கார்ந்து, முகம் கொடுத்து, ஒரு மணி நேரம் கேட்கிறார். நல்ல டியூப், இன்னும் இருபது வருடம் வரும்.