எதுவும் முளைக்காத டப்பா

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கிருமிச் சமையல்காரி. தப்பில்லை. கிருமி வளர்க்கும் அகார் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் குக்கரில் வேகவைத்து, தட்டுகளில் ஊற்றி உறையவிடுவதுதான் வேலை. சாப்பிடுகிறவை கிருமிகள். பிடித்தால் வளரும், பிடிக்காவிட்டால் செத்துத் தொலையும். உப்பில்லை, உறைப்பில்லை என்று புலம்பாது.

இன்னும் ஒரு மாதத்தில் அவளை நிரந்தரமாக்க வேண்டும். அதற்கு சூப்பரிண்டெண்டின் கையெழுத்து தேவை.

அந்த நேரம் பார்த்துத்தான் பொடி டப்பாவில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு உரிந்து வந்தது. அடியில் காலாவதித் தேதி. இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. 'தெரிந்த கிருமியைத் தூவி, முளைக்கிறதா என்று பார்க்கவும்' என்ற பதிவேட்டுக் கட்டத்தில் அவளுக்கு முன்பிருந்த ஆள் பார்க்காமலே டிக் போட்டிருந்தான். ஐந்து மாதமாக அவளும்தான்.

புது டப்பாவை உடைத்தாள். வழக்கம்போல ஆபரேஷன் தியேட்டரில், காற்றிலிருக்கும் கிருமி விழ, தட்டுகளை ஒரு மணி நேரம் திறந்துவைத்து, கதகதப்பான இன்குபேட்டர் பெட்டியில் ஏற்றினாள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு தட்டிலும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கிருமிகள் குடும்பம் குட்டியோடு குடியேறியிருந்தன. வருஷக்கணக்கில் ஒரு புள்ளிகூட வராத தட்டுகள். அதற்காகக் கிடைத்த தூய்மைக் கேடயம் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

சூப்பரிண்டெண்ட் கொதித்தார். "இத்தனை நாள் கிருமி இருந்துச்சா?"

"இருந்திருக்கும் சார். பழைய பொடி கெட்டுப்போனதால நமக்குத் தெரியல."

"தெரியலன்னா இல்லைன்னு அர்த்தம். உன் புது டப்பாதான் கொண்டாந்திருக்கு."

"அதே புதுப் பொடியில ஊத்தித் திறக்காம வச்ச தட்டு சுத்தமா இருக்கே சார். சரி, பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு. ரெண்டுலயும் உங்க கட்டைவிரலை வையுங்க."

வைத்தார். மறுநாள் புதுத் தட்டில் அவர் விரல் ரேகையோடு கிருமி பூத்திருந்தது. பழைய தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்: "பாத்தீங்களா, என் கை எவ்வளவு சுத்தம்! இனிமே பழைய டப்பாதான்."

வீட்டில் புருஷன் சொன்னான்: "கிருமிக்குச் சோறு போட்டது போதும். நமக்குச் சோறு போடுற வேலையைப் பாரு."

வாயை மூடிக்கொண்டு பழைய டப்பாவுக்கே திரும்பினாள்.

மூன்று வாரம் கழித்து சூப்பரிண்டெண்ட் தனியாக வந்து கதவைச் சாத்தினார்.

"புதன்கிழமை எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். நம்ம தியேட்டர்லதான். கேடயம் வாங்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா காறித் துப்புவாங்க." குரலைத் தணித்தார். "அந்தப் புது டப்பாவுல ஒரு தடவை பாரேன்."

"அது கிருமியைக் கொண்டாரும்னீங்களே சார்."

"விடும்மா. எத்தனை நாள் ஆகும்?"

"வளர ரெண்டு நாள். கழுவ வேண்டியதைக் கழுவ ரெண்டு நாள். இன்னைக்கே ஊத்துனாத்தான் உண்டு."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். ஒன்று அவளுடைய நிரந்தர உத்தரவு. இன்னொன்றில் ஒரே வரி: பழைய டப்பாவை எறிந்துவிடவும்.

படித்தார். முறைத்தார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நேரே குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவ்வளவு சுத்தமான கையை எதற்குக் கழுவுகிறார் என்று அவள் கேட்கவில்லை.