பந்தில் ஒட்டிய ஈரமணல்

வளைகுடாவில், ருவைஸ் ரிஃபைனரி கேம்ப் மைதானத்தில் ஆன்றோவை பேஸ்பால் நடுவராக நிறுத்தியதற்கு ஒரே காரணம், அவன் கொரியனும் இல்லை, பிலிப்பைன்காரனும் இல்லை. ரிஃபைனரி டாங்கிகளுக்குள் ஆள் இறங்கும் முன் விஷவாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது அவன் வேலை. மூன்று வருஷத்தில் விளையாட்டு விதிகளையும் கரைத்துக் குடித்திருந்தான்.

நேரம்தான் கெட்ட நேரம். அவனுடைய லீவு விண்ணப்பம் கொரிய மேனேஜர் பார்க்கின் மேசையில் ஒரு வாரமாகக் கையெழுத்தில்லாமல் கிடந்தது. மனைவி ஷாஜினிக்கு மாசக்கடைசியில் பிரசவம். மூத்தவள் பிறந்ததைப் போனில்தான் பார்த்தான். இந்தத் தடவையாவது பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பார்க்தான் இன்று கொரியர் அணியின் கேட்சர், ஹோம் பிளேட்டில் நின்று பந்தைப் பிடிப்பவர்.

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். மூன்றாவது பேஸில் நிற்கும் வெல்டர் ரோமல் ஓடிவந்து, ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் பிலிப்பைன்காரர்களுக்கு வெற்றி. ஆன்றோ பையிலிருந்து புதுப் பந்து எடுத்துக் கொடுத்தான். அடித்த பந்து உயரமாகப் போனது. தூரத்தில் ஒருவன் அந்தரத்திலேயே பிடித்தான். அடித்தவன் அவுட், ஆனால் பிடித்தபின் பேஸில் நிற்பவன் ஓடலாம் என்பதால் மறுகணமே ரோமல் ஓடினான். பந்து தரையைத் தொடாமல் நேராகப் பார்க்கின் கையுறைக்கு வந்தது. ரோமல் சறுக்கினான், பார்க் அவன்மேல் விழுந்து விலாவில் கையுறையை அழுத்தினார்.

அவுட் காட்ட ஆன்றோவின் கை பாதி உயர்ந்து நின்றது. பிளேட்டுக்கு முன்பே பார்க் ரோமலைத் தொட்டது உண்மை. ஆனால் தொட்டு முடிக்கும்வரை பந்து கையுறைக்குள் பிடியில் இருந்தாக வேண்டும். நழுவிவிட்டால் ஓடிவந்தவன் அவுட் இல்லை. இரண்டு உடம்புக்கும் நடுவே பாழாய்ப்போன பந்து மட்டும் தெரியவில்லை.

"அவுட்!" என்று பார்க் கையுறையை உயர்த்தினார். பந்து உள்ளேதான் இருந்தது.

கோட்டுக்கு வெளியே இருந்து ரூம்மேட் செல்வசிங் கத்தினான். "லேய், கையத் தூக்குல! ஊருக்குப் போவாண்டாமா?" நல்லவேளை, அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"பந்தைக் காட்டுங்க, சார்."

பார்க் முறைத்தபடி நீட்டினார். ஆன்றோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புழுதி அடங்க மத்தியானம்தான் டேங்கரில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பந்தின் ஒரு பக்கம், தையலுக்குள் வரை ஈரமணல் அப்பியிருந்தது. தரையையே தொடாமல் வந்த புதுப் பந்தில் மணல் எங்கிருந்து வரும்?

ஷாஜினியின் முகம் கண்முன் வந்து நின்றது. பார்க்கை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான்.

"சேஃப்!"

வெல்டர்கள் ரோமலைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பார்க் கையுறையைக் கழற்றிக்கொண்டு போனார். செல்வசிங் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை பார்க் டாங்கி வாயில் ஹெல்மெட்டோடு நின்றார். வேறொருவன் வாயு பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டு அவர் கையில் இருந்தது. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நீ பாரு. அப்பதான் இறங்குவேன்" என்றார்.

ஆன்றோ மீட்டரை இறக்கிப் பார்த்துக் கையெழுத்திட்டான். பார்க் மீட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் ஏணியில் கால் வைத்தார்.

"சார், என் லீவு..."

"நேத்து பந்து கீழேதான் விழுந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றார் பார்க். "இந்த ஷட்டவுன் ரிப்பேர் வேலை முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் உன்னை விட மாட்டேன். உன் கையெழுத்தை நம்பித்தான் எல்லாரையும் உள்ள இறக்கப் போறேன்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷாஜினி கூப்பிட்டாள். "லீவு கெடச்சுதா?"

ஆன்றோ சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான். ஆத்திரத்தில் குரல் உடைந்தது.

"இல்ல. அவருக்கு என்மேல ரொம்ப நம்பிக்கையாம்."