தோரணத்துக்கு அந்தப் பக்கம் பிரியாணி

“பிரிஞ்சிதான் போடப்போறீங்கன்னா, கேக்குக்குப் பதிலா ஒரு தயிர் வடைய வெச்சி வெட்டிடுங்க மாப்ள. ரெண்டும் ஜோடியா இருக்கும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டது கிஷோரின் தப்பு. அந்தப் பக்கம் திருமழிசையில் மாமனார் கன்னியப்பன் சிரிக்க, அவர் பின்னால் இன்னும் நாலு பேர் சிரிக்க, இந்தப் பக்கம் மேனாம்பேட்டில் அவன் பொண்டாட்டி கவிப்பிரியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“ஏன் மாமா, பிரிஞ்சின்னா கேவலமா?”

“ச்சேச்சே, யார் சொன்னா? வயித்தால போறவங்களுக்கு ரொம்ப நல்லது.”

போன் வைக்கப்பட்டது. சிரிப்பு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சமையலறையில் சுற்றிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

விஷயம் என்னவென்றால், கிஷோருக்கு வாய் நீளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை இரும்புத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று சிவப்புத் தொட்டியில் போடுவான். அந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. எந்த விருந்துக்குப் போனாலும் முதல் வாய் பிரியாணியைக் கண்ணை மூடி மென்று, கண்ணைத் திறந்து, சபைக்குத் தீர்ப்பு சொல்வான். பக்கத்து வீட்டு ஜெகதீஷின் கிரகப்பிரவேசத்தில், “மச்சான், இத தம் போட்டியா, இல்ல போர்வ போத்தித் தூங்க வெச்சியா?” என்று கேட்டான். சொந்த மகள் அகல்யாவின் காதுகுத்துக்கு, கன்னியப்பன் தன் கையால் அண்டா வைத்துக் கிண்டிய பிரியாணியைத் தின்றுவிட்டு, “மாமா, கறியும் சூப்பர், அரிசியும் சூப்பர். ரெண்டுத்துக்கும் எப்போ கல்யாணம்?” என்றான். பந்தியே சிரித்தது. கன்னியப்பனும் சிரித்தார். ஆனால் அப்புறம் அவர் அண்டா கழுவியதைப் பார்த்தவர்கள், அது கழுவுகிற கை இல்லை, கழுத்தை நெரிக்கிற கை என்றார்கள்.

இப்போது அகல்யாவுக்கு மூன்றாவது பிறந்தநாள். கிஷோரின் வாயில் அரைபட்ட அத்தனை பேரும் வருகிறார்கள். மொய் கவர் எடுத்து வருகிறார்களோ இல்லையோ, ஆளுக்கு ஒரு தீர்ப்பை எடுத்து வருவார்கள். சாப்பாடு அன்றைக்குச் சொதப்பினால், இனி எந்தப் பந்தியிலும் கிஷோர் வாயைச் சோறு தின்ன மட்டும்தான் திறக்க முடியும். அவனைப் பொறுத்தவரை அது பாதி உயிர் போன மாதிரி.

சரி, அப்படிப்பட்டவன் மட்டன் பிரியாணி போட்டு எல்லார் வாயையும் அடைக்க வேண்டியதுதானே? அடைத்திருப்பான். அவன் வலது கை மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஆடித் திருவிழாவுக்குத் தெரு அம்மன் கோயிலில் காப்பு கட்டும் சாயங்காலம் அது. பம்பைக்காரர் அடித்த அடியில் கோயிலுக்கு வெளியே நின்ற பைக்குகள்கூட ஆடின. பூசாரி தட்டில் மஞ்சள் கயிறுகளோடு கூட்டத்தைப் பார்த்து, “தீ மிதிக்கிறவங்க கை நீட்டுங்கப்பா!” என்றார். ஜெகதீஷ் கிஷோரின் காதில் வாயை வைத்தான். “நீ நீட்டிடாத மச்சான். ஒரு வாரம் கறி இல்லன்னா உன் ஒடம்பு பங்ச்சர் ஆயிடும்.”

கை நீண்டுவிட்டது. கயிறு ஏறிவிட்டது. அவ்வளவுதான்.

காப்பு கட்டினவன் தீமிதி முடிகிறவரை கறி தொடக்கூடாது. அவன் வீட்டு அடுப்பிலும் கறி ஏறக்கூடாது. தெருவுக்குள்ளேயும் கறி வரக்கூடாது. தெருமுனையில் கட்டியிருக்கும் வேப்பிலைத் தோரணத்தைப் பொழுது சாய்ந்தபிறகு தாண்டக்கூடாது. இதெல்லாம் கிஷோருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பம்பை அடிக்கும்போது யாருக்குத்தான் எது ஞாபகம் இருக்கும்?

வீட்டுக்குப் போய்க் கையைப் பெருமையாக நீட்டினான். கவிப்பிரியா கயிற்றைப் பார்த்தாள்.

“நல்லாகீது. அகலுக்கு எப்போ பொறந்த நாளு?”

“சனிக்கெழம.”

“தீமிதி?”

காதுக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்த பம்பை சட்டென்று நின்றது.

“ஞாயித்துக்கெழம,” என்றான் கிஷோர். பிறகு, “ஒரே ஒரு நாள் தள்ளி வெச்சிக்கலாமா கவி?”

“தீமிதிய ஒரு நாள் முன்னாடி வெச்சிக்கச் சொல்லு ஆத்தாவ. அவ பெரியவ, அட்ஜஸ்ட் பண்ணிப்பா. எம்பொண்ணு தேதி மாறாது.”

“ஐயப்பன்தாங்கல்ல ஒரு சின்ன ஹால் எட்த்துடலாமா? அங்க எந்தக் காப்பும் இல்ல.”

“எடு. நாங்க எல்லாம் அங்க போய்ப் பிரியாணி துன்றோம். நீ இங்கியே தோரணத்தாண்ட நின்னுகினு வீடியோ கால்ல கேக்கு ஊட்டு.”

மறுநாள் சாயங்காலம் சமையலறைத் தரையில் பஞ்சாயத்து கூடியது. ஜெகதீஷும் வந்திருந்தான். செய்த பாவத்துக்கு ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கி வந்திருந்தான்.

“ப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன். புள்ளைங்க துன்னும்,” என்றான்.

“காலிஃபிளவருக்குச் சிக்கன் மாதிரி மேக்கப் போட்டு அனுப்புவியா? எங்கப்பா மூஞ்சிய கழுவிப் பாத்துடுவாரு,” என்றாள் கவிப்பிரியா.

“பரோட்டா, குருமா?”

“குருமால கறி எங்கன்னு கரண்டிய உட்டுத் தேடுவாங்க.”

“சாம்பார் சாதம்?”

“தொன்னைல குடுத்தா, கோயில்னு நெனச்சிக் கண்ணுல ஒத்திகினு போய்டுவாங்க. கிப்ட்ட யார் குடுப்பா?”

கிஷோர் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்தான். “நீ சொல்லுடா அகலு. ஒன் பர்த்டேக்கு இன்னா சாப்பாடு வேணும்?”

“அப்பளம்.”

“அப்பளத்தோட?”

“இன்னொரு அப்பளம்.”

முறுக்கு பாக்கெட் காலியானபோதும் முடிவு வரவில்லை. கிஷோர் கடைசி முறுக்கைக் கடித்துவிட்டுச் சொன்னான்: “பிரிஞ்சி.” மற்ற இரண்டு பேரும் அவனை ஏதோ நோய் வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் அவன் கணக்கு வேறு. பட்டை, கிராம்பு, புதினா, தேங்காய்ப்பால், தம். பிரியாணிக்கு வேண்டிய எல்லாம் பிரிஞ்சிக்கும் உண்டு. ஆட்டைத் தவிர. மாஸ்டர் வேண்டாம், நானே செய்கிறேன், ஒரு வாய் தின்றுவிட்டு எவன் சிரிக்கிறான் பார்க்கலாம் என்றான். மாமனாருக்கு அவனே போன் போட்டுச் சொன்னான். தயிர் வடைக் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம். வீட்டு வாசலில் சாமியானா, பலூன், முட்டையில்லாத கேக். ஓரமாக அண்டா தம்மில் இருந்தது. மூடிமேல் தணலைப் பரப்பிவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்பவன்போல கிஷோர் நடந்துகொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அண்டாவைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், பல்லைக் காட்டினார்கள்.

“இன்னா மாமே, தயிர் வடை ரெடியா?” கம்பெனி ஆள் ஒருவன் கேட்டான். ஆக, செய்தி எஸ்டேட்வரை போய்விட்டது.

“குந்துடா. துன்னுட்டுப் பேசு.”

அப்போதுதான் காற்று திரும்பியது. தெருமுனையிலிருந்து ஒரு வாசனை வந்தது. முதலில் அதைப் பிடித்தது ஜெகதீஷின் மூக்கு. அவன் தலை தானாகத் திரும்பியது. அடுத்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

வேப்பிலைத் தோரணத்துக்கு நான்கு அடி வெளியே ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. பின்பக்கம் திறந்திருந்தது. அதில் ஒரு அண்டா. அண்டா பக்கத்தில், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு கன்னியப்பன்.

“எல்லைக்கு வெளியதான் கீறேன் மாப்ள!” என்று அங்கிருந்தே கத்தினார். “ஆத்தாவுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல!”

“வாசன உள்ள வருது மாமா!”

“காத்துக்கு எவன் காப்பு கட்டினான்?”

அதன்பிறகு நடந்ததை கிஷோர் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “சிக்னல் இல்ல மாமே, முனைக்குப் போய்ட்டு வரேன்,” என்று கிளம்பினான். ஒருவன் வண்டியை லாக் பண்ணினேனா என்று பார்க்கப் போனான். வண்டி சாமியானாவுக்குப் பக்கத்திலேயே நின்றது. எதிர்வீட்டு அம்மா எந்தச் சாக்கும் சொல்லாமல் தட்டையே எடுத்துக்கொண்டு போனார். ஜெகதீஷ், “அவங்கள இட்டுகினு வரேன் மச்சான்,” என்று ஓடினான், வரவில்லை. கடைசியில் கவிப்பிரியா எழுந்தாள்.

“எங்கப்பாவ ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

ஒரு கேள்வி கேட்டிருப்பாள். இரண்டாவதற்கு முன்னால் அவள் வாயில் நல்லி எலும்பு இருந்தது.

சாமியானாவில் மீதி இருந்தது கிஷோர், அகல்யா, பலூனை உடைத்துக்கொண்டிருந்த சில பிள்ளைகள். தம்மில் பிரிஞ்சி. இவ்வளவு கேவலப்படுவதற்கு நாளைக்கு மிதிக்கப்போகிற தீயை இன்றைக்கே மிதித்துவிடலாம்போல இருந்தது.

வயிறு ரொம்பியதும் கூட்டம் கேக் வெட்டத் திரும்பியது. தோரணத்தின் காலடியில் பூக்கடை வைத்திருக்கும் வேம்புலியம்மாள் எழுந்து குறுக்கே நின்றாள். தோரணம் கட்டியதே அவள்தான்.

“எங்க வரீங்க?”

“பர்த்டேக்கு யக்கா. கேக்கு வெட்டணும்,” என்றான் ஜெகதீஷ்.

“கறி துன்ன வாயோட காப்பு கட்டின தெருவுக்குள்ளயா? தலைக்குக் குளிச்சிட்டு வா.”

“யக்கா, எம் பாத்ரூமு உள்ளதான கீது!”

“அத துன்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

கூட்டம் அப்படியே நின்றது. கையில் எண்ணெய், வாயில் ஏலக்காய் வாசம், வீட்டுக்குப் போக வழியில்லை. எதிர்வீட்டு அம்மாவின் வீடு கண்ணுக்கு முன்னால், ஐம்பது தப்படியில் இருந்தது. பிறந்தநாள் பிள்ளை உள்ளே. பெற்றவள் வெளியே.

“கிஷோரு!” கவிப்பிரியா எலும்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு கூப்பிட்டாள். “எதுனா பண்ணுய்யா!”

கிஷோர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. ஆனாலும் மகள் பிறந்தநாள். மேசையைத் தூக்கி வந்து தோரணத்துக்கு உள்பக்கம் ஒட்டிப் போட்டான். கேக்கை வைத்தான். அகல்யா இந்தப் பக்கம் நின்று ஊத, அந்தப் பக்கம் நின்று அத்தனை பேரும் பாட, வேப்பிலைக்குக் கீழே கையை நீட்டி அவள் அம்மாவுக்குக் கேக் ஊட்டினாள். தாத்தாவுக்கும் ஊட்டினாள், பாதி மீசையில்.

பிறகு கிஷோர் வேம்புலியம்மாளின் பூ வண்டியைக் கேட்டு வாங்கி, அதில் அண்டாவை ஏற்றித் தள்ளி வந்தான். உள்ளே கறி வரக்கூடாது என்றுதான் விதி. வெளியே எதுவும் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தம்மை உடைத்தான். ஆவி எழுந்து வேப்பிலையைத் தொட்டது.

“வயிறு ரொம்பிட்சி மச்சான்,” என்றான் ஜெகதீஷ்.

“டேஸ்ட் பாரு. சிரிக்கணும்னா சிரி.”

ஜெகதீஷ் ஒரு வாய் வைத்தான். சிரிக்கத் தயாராக இருந்த முகம் அப்படியே நின்றது. சத்தமில்லாமல் தட்டை மறுபடி நீட்டினான். அதைப் பார்த்து கம்பெனி ஆள் நீட்டினான். எதிர்வீட்டு அம்மா நீட்டினார். கன்னியப்பன் மட்டும் நகரவில்லை. கவிப்பிரியா ஒரு தட்டைக் கொண்டுபோய் அவர் கையில் திணித்தாள்.

அவர் கண்ணை மூடி மென்றார். கண்ணைத் திறந்தார்.

“உப்பு கம்மி,” என்றார். சொல்லிவிட்டு, தட்டைத் தோரணத்துக்குக் கீழே நீட்டினார். “இன்னும் கொஞ்சம் வை. நல்லாப் பாத்துத்தான சொல்லணும்.”

இரண்டாவது தட்டும் காலி. யாரும் வாயைத் திறக்கவில்லை. கிஷோருக்கு அது போதும்.

ஆனால் கன்னியப்பனுக்குப் போதவில்லை. குட்டியானையிலிருந்து ஒரு கிண்ணம் பிரியாணியை எடுத்து வந்து தோரணத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. “உனுக்காகத்தான் மாப்ள செஞ்சேன். ஊரு துன்னு இன்னா பிரயோஜனம்? நீ சொல்லு. ஒரே ஒரு பருக்க.”

“கைல கயிறு கீது மாமா.”

“இத நான் யோசிக்கவே இல்லியே!” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரையே கூட்டிச் சோறு போட்ட மனுஷன், தீர்ப்பு சொல்ல வேண்டிய ஒரே ஆளைக் கயிற்றுக்கு உள்ளே விட்டுவிட்டார்.

“நாளைக்குத் தீ மிதிச்சிட்டு நேரா அங்க வரேன் மாமா. புதுசா போடுங்க.”

“வா. கால்ல கொப்புளம் இருந்தாலும் வா.”

தண்ணி லாரிக்காரரை நிறுத்தி ஆளுக்கு ஒரு பக்கெட் ஊற்றிக்கொண்டுதான் அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். தீமிதி முடிந்தது, கிஷோரும் திருமழிசை போய்த் தின்று, “ரெண்டுத்துக்கும் கல்யாணம் ஆயிடுச்சு மாமா,” என்று சொல்லிவிட்டும் வந்தான். ஆனால் ஒரு சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. பேத்தி பிறந்தநாளுக்குச் சோறு போட்டது நான்தான், ஊரே அதைத்தான் வயிறு முட்டத் தின்றது என்கிறார் கன்னியப்பன். கேக் வெட்டினபிறகு போட்டதுதான் பிறந்தநாள் சாப்பாடு, அதற்கு முன்னால் தின்றதெல்லாம் ரோட்டுக்கடைக் கணக்கு என்கிறான் கிஷோர். கவிப்பிரியா இரண்டு பக்கமும் தின்றவள், அவள் சாட்சி செல்லாது. நீங்களே சொல்லுங்கள், அகல்யாவின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் போட்ட சோறு எது, பிரியாணியா, பிரிஞ்சியா?