விசிறி நின்ற நேரம்

கணினிப் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டுக் குப்புறக் கிடந்தவனின் முதுகில் அப்பாவின் குரல் வந்து விழுந்தது.

"என்னடா, ஆறு மணிக்குப் படம்னே. இன்னும் பொட்டியக் கட்டிப் பொரண்டுக்கிட்டு இருக்க?"

"படம் வருதுப்பா. சத்தம்தான் வரல."

"ஊமைப் படம் பாக்கவா என்னைக் கூப்ட்டு உக்கார வச்ச?"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பாவுக்கு ஒன்றும் கோபமில்லை, அதுதான் அவருடைய சாதாரணக் குரல். மண்டியில் காய்கறி ஏலம் கூவியே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிய தொண்டை. குரல் என்றால் கூட்டத்தின் கடைக்கோடியில் நிற்கிறவன் காதிலும் விழவேண்டும் என்பது அவர் கட்சி. மகள் நல்ல வேலையை உதறிவிட்டு சினிமாவுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கப் போனபோது, "மூச்சு விடுறதுக்கெல்லாமா சம்பளம் தர்றான்?" என்று கேட்டார். கேட்டதோடு சரி. தெருவுக்கே கேட்கிற அந்த வாய், மகளின் வேலை விஷயத்தில் மட்டும் அப்புறம் திறக்கவே இல்லை. அவளும் எவ்வளவோ தடவை பேச்சைத் தொடங்கிப் பார்த்துவிட்டு, மென்று முழுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்து அண்ணன்காரன் இவனுக்குத்தான் மனசு ஆறாது.

இந்தப் படத்தில் அவளுக்கு முதன்முதலாக ஒரு முழுப் பாத்திரம். கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் குரல். தியேட்டரில் ஓடியபோது அப்பா முட்டிவலி என்று நழுவிவிட்டார். இப்போது இணையத்தில் வந்திருக்கிறது. "வீட்டையே தியேட்டர் ஆக்கிடறேன், நீங்க சோபாவ விட்டு எறங்கவே வேணாம்" என்று சொல்லி அவரை எப்படியோ தலையாட்ட வைத்துவிட்டான். இன்றைக்குச் சொதப்பினால் இன்னொரு தடவை உட்காரமாட்டார். அது நிச்சயம்.

ஒயரெல்லாம் சரியாக இருந்தது. ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. ஆனால் ஒரு முனகல்கூட வரவில்லை. தங்கை பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் சத்தத்த எங்க அனுப்புதுன்னு பாத்தியா?"

பார்த்தான். டி.வி.க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் வந்த ஜோரில் டி.வி.யின் சத்தத்தைக் காலையில் அடைத்துவைத்த புண்ணியவான் அவனேதான். மவுஸை நகர்த்தி ஒரு சொடுக்கு. அவ்வளவுதான், அறையைச் சுற்றி வைத்திருந்த ஐந்து ஸ்பீக்கரிலிருந்தும் இசை பாய்ந்து வந்தது. அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. "வந்துருச்சு!" என்று துள்ளியவனின் தலை மேசையில் இடித்தது. அப்பா கைதட்டினார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இசை அடங்கியதும்தான் வினை தெரிந்தது. ஊஊவென்று கணினி இரைந்தது. அவன் தொழிற்சாலைகளில் புகையை வெளியேற்றும் பெரிய விசிறிகளைப் பொருத்துகிறவன். வேலையிடத்தில் 'புயல்' என்றால்தான் அவனைத் தெரியும். அங்கே விசிறி சத்தம் போடுகிறவரை நிம்மதி. சத்தம் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டப்போகிறது என்று அர்த்தம், அலறி அடித்துக்கொண்டு ஓடவேண்டும். அந்தப் பழக்கத்தில், புத்தக அடுக்கில் அடங்குகிற இந்தப் பெட்டிக்குள் மூன்று விசிறிகளைத் திருகிவைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. "அண்ணா, என்னோட முக்கியமான எடமே கடைசிலதான். கிசுகிசுன்னு பேசுவேன். அங்க மியூசிக் கெடையாது. இந்த எரைச்சல்ல அப்பாவுக்கு என்ன கேக்கும்?"

இரண்டு விசிறிகளை அந்த இடத்திலேயே கழற்றி எறிந்தான். மூன்றாவது, கணினியின் மூளைமேல் உட்கார்ந்திருந்தது. அதுதான் பெரிய கத்தல்காரி. அதை எடுத்தால் மூளை வெந்துவிடும்.

"ஒண்ணு செய்யலாம். உன் எடம் வர்றப்ப சொல்லு. ஒயர உருவிடறேன்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"தாங்குற வரைக்கும்."

இருவரும் திருட்டு மாங்காய் பறிக்கப் போகிறவர்களைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

படம் ஓடியது. அப்பா ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு விமரிசனம் வைத்தார். "இவன் ஏமாத்துவான் பாரு", "அட, சொன்னேன்ல!" நாயும் தன் பங்குக்குக் குரைத்தது. அவனுக்குப் படத்தில் மனம் ஒட்டவே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சின்ன ஒயரை விரலில் பிடித்தபடி தங்கையின் முகத்தையே பார்த்திருந்தான்.

அவள் தலையசைத்தாள். உருவினான்.

விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. கூடம் சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பழக்கதோஷத்தில் அவன் ஓடுவதற்குப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். திரையில், வெளியே யாரிடமோ சண்டை போட்டுவிட்டுக் கணவன் கத்திக்கொண்டே வீட்டுக்குள் வருகிறான்.

"இவன ஓங்கி ஒரு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"சத்தம் போடாதீங்க." திரையில் ஒரு பெண் கதவோரம் நின்றிருந்தாள். "பிள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

அப்பாவின் வாய் மூடிக்கொண்டது. ஓங்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அந்தக் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாளெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த களைப்பு இருந்தது. தங்கைக்குக் கல்யாணமே ஆகவில்லை. இந்தக் களைப்பை எங்கிருந்து பிடித்தாள் என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒயரைத் திரும்பச் செருக வேண்டும் என்பதே மறந்துபோனது.

"யாரும்மா அது?" அப்பாவுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசவரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"நான்தாம்ப்பா."

"டேய், திருப்பிப் போடு."

கையை நீட்டினான். பெட்டி சுட்டது. திரை கறுத்து, எல்லாம் அணைந்துபோனது.

"ஐயையோ! இருங்கப்பா, சூடு ஆறட்டும், உடனே போட்டுடறேன்..."

"பொட்டி கெடக்குது, விடுடா." அப்பா சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லும்மா."

அவள் எழுந்து வந்து அவர் எதிரே தரையில் அமர்ந்தாள். அப்பா உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.