எட்டுச் சென்டிமீட்டர்

கமெராவைத் தொலைநோக்கியின் பின்பக்கத்தில் பொருத்தி, நீண்ட வயரைத் தோட்டக் கதவு வழியாக ஹோலுக்குள் இழுத்து டிவியில் செருகிவிட்டு, சிவரூபினி மறுபடி வெளியே ஓடினாள். மார்ச் மாதப் பின்னேரம். எட்மண்டன் கூரைகளுக்கு மேலே வெளிறிய நீலத்தில் அரை நிலா நின்றது. டிவியில் வந்ததோ நனைந்த பஞ்சு போல ஏதோ ஒன்று.

"கமெராக் குழாயை இன்னும் வெளிய இழும், ரூபி," என்றான் அவள் கணவன் நிசாந்தன், ஹோலில் போட்டிருந்த கட்டிலில் படுத்தபடி. சொற்கள் குழறின.

"முழுக்க இழுத்தாச்சு. இனி ஏலாது."

பதினாறு வருடம் பஸ் ஓட்டியவன். இந்தத் தொலைநோக்கியை ஆசைப்பட்டு வாங்கிய மாதம்தான் கையிலிருந்து கதவுத் திறப்பு நழுவத் தொடங்கியது. பிறகு கால்கள், கழுத்து. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய், மருந்தில்லை என்றார் டொக்டர். குனிந்து கண்ணை வைத்துப் பார்க்க இனி அவனால் முடியாது. நிலாவைக் கட்டிலுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று சிவரூபினி நினைத்தாள். நேர்ஸ் வந்து சுவாச இயந்திரம் பற்றி விளக்கியபோதுகூட அவள் மனம் தொலைநோக்கிக் குழாயின் திருகுகளிலேயே நின்றது. அதைச் சரிசெய்துவிட்டால் மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று பின்னேரங்கள் போராடிவிட்டு வானியல் கழகத்துக்குப் போன் செய்தாள். லோகன் என்ற மலேசியாக்காரர் எடுத்தார்.

"முழங்கை மாதிரி வளைஞ்ச கண்ணாடிப் பீஸ் இருக்குமே, அதை எடுத்துட்டா கேமராவை மாட்டுனீங்க?"

"ஓம்."

"அதான். பிம்பம் கேமராவுக்குப் பின்னால போய் விழுது. நடுவுல எட்டு சென்டிமீட்டர் டியூப் ஒண்ணு போடுங்க. அவ்வளவுதாம்மா."

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள். அவ்வளவுதான்.

டியூப் வந்தபோது நிலா தேய்ந்துவிட்டது. பிறகு மழை. ஏப்ரலில் அரை நிலா திரும்பி வந்த பின்னேரம் நிசாந்தனிடம் பேச்சு இல்லை. முகத்தில் மாஸ்க். ஒருமுறை கண் சிமிட்டினால் ஓம், இரண்டுமுறை என்றால் வேண்டாம்.

டியூபை நடுவில் போட்டு, எதிர்வீட்டு அன்ரெனாவில் முதலில் சரிபார்த்தாள். பிறகு நிலாவுக்குத் திருப்பி, கதவு வழியாக டிவியைப் பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகினாள். விளிம்பு கூர்மையானது. குழிகள் வந்தன, ஒவ்வொரு குழிக்குள்ளும் கறுப்பு நிழல். உள்ளே ஓடி வந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, தெரியுதோ?"

ஒரு சிமிட்டல். அவன் கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள்.

அதற்குள் நிலா திரையின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. தானாகச் சுற்றும் மோட்டார் இல்லாத மலிவான தாங்கி. அவள் போய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். மறுபடி நழுவியது. மறுபடி போனாள். ஐந்தாவது தடவை எழுந்தபோது அவன் டிவியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். இரண்டு சிமிட்டல்.

"ஒரு நிமிசம். கொண்டந்திட்டு வாறன்."

மீண்டும் இரண்டு.

சிவரூபினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பாரமற்றுப்போன அவன் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நிலா திரையின் ஓரத்தில் பாதியாகி, கீற்றாகி, போய்விட்டது. வெறும் நீலம் நின்றது. இயந்திரம் அவனுக்காக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்க, அந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.